எப்போது நாறுகிறது? டிராவல் டிரெய்லர்களின் துர்நாற்றம் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் பெருமளவில் செய்யப்பட்டு, வட அமெரிக்கா முழுக்கப் பிக்கப் வண்டிகளின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் டிராவல் டிரெய்லர், பார்வைக்கு ஒரு சின்ன வீடு. அடுப்பு, படுக்கை, குளியலறை, கழிவறை எல்லாம் அதில் உண்டு. சாதாரண வீட்டில் வெளியே தள்ளிவைக்கும் சிலவும் அதற்குள்ளேயே உண்டு. ஊர்ச் சாக்கடை செய்யும் வேலையைத் தரைக்கடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் செய்கின்றன. கழிவறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய நீருக்கும் குளித்த நீருக்கும் ஒன்றோ இரண்டோ. முன்முனையில் புரோபேன் சிலிண்டர்களும் பேட்டரியும் இருக்கும். சுவரும் அலமாரியும் பெரும்பாலும் பசையால் ஒட்டிய பலகை. குடும்பம் படுத்துறங்கும் இடத்துக்கும் மலம் தேங்கி நிற்கும் இடத்துக்கும் நடுவே சில அங்குலப் பலகையும் ஒரு ரப்பர் வளையமும்தான் காவல். இப்படி ஓர் இடத்தில் நாற்றம் எழுவதில் வியப்பில்லை. அதைத் தேடப் புறப்படுகிறவர்கள் மண்டியிட்டு மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்ப்பதும், நாற்றம் அதிகமாகத் தெரிந்த இடத்தைக் கழுவி மருந்தடிப்பதும், மறுவாரம் அதே நாற்றம் திரும்பி வருவதும்தான் வழக்கமாக நடக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றுதான். டிரெய்லரில் நாற்றம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன், எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போதா, விசிறி ஓடும்போதா, மழைக்கு மறுநாளா, வண்டி ஓடி நின்றவுடனா, தொட்டி பாதிக்குமேல் நிரம்பியபின்பா என்ற விடைகளில் காரணம் ஏறக்குறைய முழுதாகவே அடங்கியிருக்கிறது.

இதற்கு இரண்டு ஆதாரங்கள் உள்ளன. ஒன்று காற்று. ஏழரை மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட டிரெய்லரின் உட்புறக் கொள்ளளவு சுமார் 36 கன மீட்டர். அதன் கூரையில் பொருத்தும் பெரிய வெளியேற்று விசிறி நிமிடத்துக்கு 900 கன அடி, அதாவது 25 கன மீட்டர் அளவுக்குக் காற்றைத் தள்ளக்கூடியது. ஒன்றரை நிமிடத்தில் உள்ளே இருந்த காற்று மொத்தமும் போய் வேறு காற்று வந்துவிடும் என்று பொருள். அந்த வேறு காற்று எந்த வழியாக வருகிறது என்பதுதான் முக்கியம். சன்னல் திறந்திருந்தால் சன்னல் வழியாக வரும். எல்லாம் மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, வடிகுழாய், கழிவறைக் கோப்பை, தரையில் குழாய் நுழையும் ஓட்டை, சுவரின் இடைவெளி என்று கிடைத்த துளையெல்லாம் காற்று நுழையும் வாயாகிவிடும். அதனால் நாற்றம் பிறக்கும் இடம் ஒன்றாகவும் மூக்கில் படும் இடம் இன்னொன்றாகவும் இருப்பது இங்கே இயல்பு. இரண்டாவது ஆதாரம் மூக்கு. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதை நிறுத்திக்கொள்கிறது. தேடத் தொடங்கிய கால்மணி நேரத்தில் தேடுகிறவரின் கருவி மழுங்கிவிடுகிறது. கழிவு வாயுக்களில் முக்கியமான ஹைட்ரஜன் சல்பைடில் இது ஆபத்தாகவே முடியும். காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பலருக்கு அழுகிய முட்டை வாடை தெரியும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூக்கை நம்பலாகாது. நேரத்தைச் சொல்ல அதை நம்பலாம். வெளிக்காற்றில் இருந்துவிட்டு உள்ளே நுழையும் முதல் நொடியில், நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று மூக்கு சரியாகச் சொல்லிவிடும்.

கழிவு வாடையை முதலில் எடுத்துக்கொள்வோம், பெரும்பாலான புகார்கள் அதில்தான் தொடங்குகின்றன. வடிகுழாயை வளைத்து, அந்த வளைவில் கொஞ்சம் நீரைத் தேக்கி, அந்த நீரையே வாயுவுக்குத் தடையாக நிறுத்தும் உத்தியை அலெக்சாண்டர் கம்மிங் 1775-ல் லண்டனில் தன் கழிவறைக் கோப்பைக்குக் காப்புரிமை பெற்றபோது பயன்படுத்தினார். இன்றைய வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் டிராப்பும் அதே உத்திதான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வீட்டைத் திறந்ததும் குளியலறையிலிருந்து சாக்கடை வாடை முகத்தில் அடிப்பதை நம்மில் பலர் அறிவோம். தரை வடிகாலின் டிராப்பில் நின்ற நீர் வற்றிப்போனதுதான் காரணம். டிரெய்லருக்கும் அதே விதி, ஆனால் இன்னும் கடுமையாக. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது சும்மா நிற்கிறது. ஓடும்போதோ குலுங்கிக் குலுங்கி டிராப்பில் உள்ள நீர் தளும்பி இறங்கிவிடுகிறது. ஆகவே 'பயணம் முடிந்து நிறுத்தியவுடன் நாறுகிறது, தண்ணீர் புழங்கத் தொடங்கிய சில மணி நேரத்தில் குறைகிறது' என்று ஒருவர் சொன்னால் வேறு எதையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. நிறுத்தியதும் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும். அடிக்கடி தொந்தரவு தந்தால் நீரே தேவைப்படாத, மெல்லிய ரப்பர்ச் சவ்வு தானாக மூடிக்கொள்ளும் வகை வால்வு கிடைக்கிறது, அதை மாற்றிப் பொருத்தலாம். பனிக்காலத்துக்குப் பூட்டிவைக்கும்போது டிராப்பில் ஊற்றும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் குழாய் வெடிக்காமல் காப்பதோடு இந்தத் தடையையும் காக்கிறது. பின்னாளில் வாஷிங் மெஷின் வைக்கலாம் என்று தொழிற்சாலையிலேயே விட்டுவைத்த குழாய்முனை அலமாரிக்குள் மூடியில்லாமல் கிடப்பதும் உண்டு. பயன்படுத்தாத அந்த வடிகாலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நீர் புழங்கும்போது நாற்றம் வந்தால் கதை வேறு. வடிகுழாயில் நீர் வேகமாக இறங்கும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி டிராப்பில் உள்ள நீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அதைத் தடுக்கச் சமையலறை சிங்குக்கு அடியில் காற்றை உள்ளே மட்டும் விடும் சிறு ஒருவழி வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். டிரெய்லர்களில் வருவது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் ரப்பர் வட்டும் கொண்ட மலிவான வகை. சில ஆண்டில் ரப்பர் விறைத்து முழுதாக மூடாமல் நின்றுவிடும். அன்றிலிருந்து சமையலறை அலமாரி, பாத்திரம் கழுவிய நீர் சேரும் சாம்பல்நீர்த் தொட்டியின் புகைபோக்கி. சமையலறையை நாளெல்லாம் கழுவித் துடைத்தும் வாடை போகாத வீட்டுக்காரர்களின் துயரத்தில் பெரும்பங்கு, சில டாலர் விலையுள்ள இந்த வால்வால் வருவது. பாத்திரம் கழுவிய நீர் என்பதால் அந்தத் தொட்டி சாதுவானது என்ற எண்ணம் தவறு. எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுத் துணுக்கும் சோப்பும் கலந்து, காற்றில்லாமல் வெயிலில் புளிக்கும் அந்த நீர் சில சமயம் மலத்தொட்டியைவிட மோசமாக நாறும்.

தொட்டி வாயு போகவேண்டிய முறையான வழி, தொட்டியிலிருந்து சுவருக்குள் ஏறிக் கூரைக்கு மேலே திறக்கும் குழாய். இந்தக் குழாய் மூன்று விதமாகக் கெடுகிறது, மூன்றுக்கும் நேரம் வேறு. மேல்முனையில் குளவி கூடு கட்டியோ இலை அடைத்தோ இருந்தால் எப்போதும் நாறும், வெயில் ஏற ஏறக் கூடும். குழாய் நழுவி அதன் கீழ்முனை தொட்டிக்குள் இறங்கியிருந்தால், தொட்டி காலியாக இருக்கும்வரை குற்றமே தெரியாது. கழிவு மட்டம் ஏறிக் குழாய்முனையை மூழ்கடித்ததும் வாயுவுக்கு வழி அடைபட்டு, கழிவறை மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் குபீரென்று மேலே வரும். குழாயைக் கூரைவரை கொண்டுபோகாமல் கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியிலேயே குட்டையாக வெட்டி விட்டிருந்தால் காற்றடிக்கும் திசைக்கேற்ப நாற்றம் வந்து வந்து போகும். தொழிற்சாலையில் நடக்கும் இந்தப் பிழை மேலே இருக்கும் மூடியைக் கழற்றிப் பார்க்கும்வரை யார் கண்ணிலும் படாது. குறியெல்லாம் குழம்பிக் கிடந்தால் புகைச் சோதனை இருக்கிறது. கூரைக் குழாய் வழியாக மேடை நாடகத்துக்குப் பயன்படுத்தும் தீங்கற்ற புகையை மெல்லத் தள்ளி, உள்ளே எங்கிருந்து கசிகிறது என்று விளக்கடித்துப் பார்ப்பது. எப்போது என்பது தெரிந்தபின் எங்கே என்று காட்ட இதைப்போல் நேர்மையான கருவி வேறில்லை. ஏனென்றால் இதில் மூக்கின் தயவே வேண்டியதில்லை.

கழிவறை தனிக் கவனம் கேட்கிறது. டிரெய்லரின் கோப்பைக்கு வளைவு கிடையாது. மிதியை அழுத்தினால் ஒரு தட்டு விலகி, கழிவு நேரே தொட்டிக்குள் விழும். மிதியை விட்டதும் தட்டு மூடி, அதன்மேல் நிற்கும் இரண்டு விரற்கடை நீர்தான் தடை. அந்த நீர் ஒரு மணி நேரத்தில் இறங்கிப்போனால் தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்துவிட்டது, அல்லது அதன் விளிம்பில் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கிறது. விளிம்பைத் துடைத்து, ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் தடவலாம். பெட்ரோலிய வழவழப்புகள் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். மிதியை அழுத்தும்போது கூரை விசிறி ஓடிக்கொண்டிருந்தால் தொட்டியின் வாயு முழுக்க அறைக்குள் இழுக்கப்படும் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. விசிறியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் விடவேண்டும், அல்லது அப்போது சன்னலைத் திறந்து வைக்கவேண்டும். தொட்டியின் உள்ளேயே நாற்றம் மிகுந்திருந்தால் பழி பெரும்பாலும் தண்ணீர்ச் சிக்கனத்தின்மேல்தான் விழும். முகாமில் கழிவுக் குழாயை இணைத்து, தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவிட்டும் அதே குறையை உண்டாக்குவார்கள் சிலர். நீர் மட்டும் வடிந்தோட, மலமும் காகிதமும் கோப்பைக்கு நேர்கீழே மேடுகட்டி இறுகும். வால்வை மூடியே வைத்து, தொட்டி முக்கால்பங்கு நிரம்பியபின் ஒரே வேகத்தில் திறந்து, பிறகு பத்துப் பதினைந்து லிட்டர் புதுநீர் விட்டு வைப்பதே இதற்கு மருந்து.

அதற்குத்தானே தொட்டி மருந்துகள் விற்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பாதி விடை அவற்றின் பக்கமும் இருக்கிறது. நொதியும் நல்ல பாக்டீரியாவும் கலந்தவை, போதுமான நீர் இருந்தால், கழிவைக் கரைக்க உதவும். ஆனால் ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய வகை மருந்துகள் வேறு வழியில் வேலை செய்தன. அவை நாற்றம் உண்டாக்கும் கிருமிகளைக் கொன்றன. முகாம்களின் செப்டிக் அமைப்பு உயிரோடிருக்கத் தேவையான கிருமிகளையும் சேர்த்தே கொன்றன. கலிபோர்னியா அவற்றுக்குத் தடை விதித்தது இதனால்தான். எந்த மருந்தானாலும் தொட்டிக்குள்ளிருக்கும் வாயுவைக் குறைக்குமே தவிர, காய்ந்த ரப்பரையோ நழுவிய குழாயையோ சரிசெய்யாது. தொட்டி என்றால் நாறத்தான் செய்யும். அந்த வாடை அறைக்குள் வருவதுதான் பழுது.

அழுகிய முட்டை வாடை எல்லாமே கழிவுத் தொட்டியிலிருந்து வருவதல்ல என்பதை நேரம் பார்த்துத் தேடுகிறவர் சீக்கிரமே கண்டுகொள்வார். வெந்நீரைத் திறக்கும்போது மட்டும் அந்த வாடை வந்து, குளிர்நீர்க் குழாயில் வராமல் இருந்தால், குற்றவாளி வாட்டர் ஹீட்டர். அதன் எஃகுத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத் தின்னக் கொடுக்கும் மக்னீசியத் தண்டு ஒன்று உள்ளே இருக்கும். நீரிலுள்ள சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா அந்த இளஞ்சூட்டில் பெருகி, மக்னீசியம் கரையும்போது வெளிப்படும் ஹைட்ரஜனைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகிறது. தண்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வாடை போகும், அதன்பின் தொட்டியும் துருவேறிப் போகும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த தண்டுக்கு மாறுவதும், நீர் அமைப்பு முழுவதையும் கிருமிநீக்கம் செய்வதுமே சரி. மணம் சேர்க்காத வீட்டு பிளீச் திரவத்தை 57 லிட்டருக்கு 60 மில்லி வீதம் நன்னீர்த் தொட்டியில் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரமாவது நிறுத்திவைத்துப் பின் அலசவேண்டும். வெந்நீர், தண்ணீர் இரண்டிலும் வாடை இருந்தால் முகாமின் கிணற்றுநீரையோ நன்னீர்த் தொட்டியையோ சந்தேகிக்கலாம். சில வகை ஹீட்டர்களின் தொட்டி அலுமினியம். அவற்றில் தண்டே கிடையாது. இல்லாததைத் தேடி மறையைக் கெடுத்துக்கொள்வதற்கு முன் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதே முட்டை வாடை, குழாய் திறக்காதபோதும் விசிறி ஓடாதபோதும், மின்னேற்றம் நடக்கும் நேரத்தில் பேட்டரிப் பக்கமிருந்து வருமானால் அது அவசரம். ஈய-அமில பேட்டரி அளவுக்குமீறி ஏறிக் கொதிக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிவருகிறது, கூடவே வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனும் வருகிறது. மின்னேற்றத்தை நிறுத்தி, காற்றோட்டம் தந்து, ஆறவிட்டுப் பிறகே தொடவேண்டும். புரோபேனின் வாடையும் இந்த உறவுக்குள்தான் வரும். புரோபேனுக்குச் சொந்த மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில், மணமூட்டாத இயற்கை எரிவாயு தரைக்கடியில் கசிந்து தேங்கி வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மாண்டார்கள். எரிவாயுவுக்கு வேண்டுமென்றே நாற்றம் ஊட்டும் சட்டங்கள் அந்தச் சாவுகளின் பின்னே வந்தவை. இன்று புரோபேனில் கலக்கும் எத்தில் மெர்காப்டன், தீப்பிடிக்கத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் சேரும்போதே தெரியும்படி அளவிடப்படுகிறது. அந்த எச்சரிக்கையை 'தொட்டி வாடைதான்' என்று ஒதுக்கிவிடுவதே டிரெய்லர்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை என்று நினைக்கிறேன். சிலிண்டர் தீரும் தறுவாயில் மெர்காப்டன் அடர்ந்து வாடை கூடுவது உண்மைதான். ஆனால் அப்படி இருக்கலாம் என்று ஊகித்து அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. எந்த முட்டை வாடையானாலும் முதல் வேலை சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியேறுவது. பிறகு சோப்புநீர் தடவி இணைப்புகளில் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. அதில் குற்றமில்லை என்று தெளிந்தபின்தான் மற்ற ஆராய்ச்சி. புரோபேன் காற்றைவிடக் கனமானதால் தரையோடு படியும். உணர்கருவியைத் தரைக்கு அருகில் வைத்திருப்பதன் காரணமும் அதுவே. அந்தக் கருவிக்கு ஆயுள் உண்டு, மேலே அச்சிட்ட காலாவதித் தேதிக்குப்பின் அது வெறும் பெட்டி.

மழைக்குப் பின்னும், நெடுநாள் பூட்டித் திறந்தபின்னும் எழும் புழுங்கல் வாடை வேறொரு கேட்டின் செய்தி. டிரெய்லரின் கூரையில் விசிறிக்கும் குழாய்க்கும் ஏசிக்கும் வெட்டிய ஒவ்வொரு துளையும் சீலன்ட் பூசி அடைக்கப்பட்டது. வெயிலிலும் குலுக்கலிலும் அது வெடிக்கும். நீர் நேரே சொட்டுவதில்லை. சுவருக்குள் இறங்கி, கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறி, தரைப்பலகையை மெத்தென்று ஆக்கிவிட்டுத்தான் வெளியே தெரியும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தால் பூஞ்சை பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பொதுவான அறிவுரை. மூடிய சுவருக்குள் அது நடப்பதே இல்லை. ஆகவே கூரையை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஏறிப் பார்ப்பதும், ஈரமானியைச் சுவரோரம் வைத்துப் பார்ப்பதும் வாசனைத் தெளிப்பானைவிட ஆயிரம் மடங்கு மேல். மழையே இல்லாமலும் ஈரம் சேரும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. சுவரில் பொருத்திய உலையின் நீராவி வெளிக்குழாயில் போய்விடும். அடுப்பின் நீராவியும், குளிர்காய அறைக்குள் எரிக்கும் திறந்த ஹீட்டரின் நீராவியும் அறைக்குள்ளேயே நிற்கும். நான்கு பேர் இரவெல்லாம் விடும் மூச்சும் சேரும். 36 கன மீட்டரில் அது குளிர்ந்த சன்னலிலும் கட்டிலுக்குக் கீழேயும் படியும். பனியிரவுக்கு மறுநாள் காலை மட்டும் புழுங்கல் வாடை வருகிறதென்றால் கூரையைப் பிரிக்க வேண்டாம். மெத்தையைத் தூக்கிப் பார்த்து, காற்றுக்கு வழி செய்தால் போதும்.

குளிர்காலம் முழுதும் நின்ற டிரெய்லரில், உலையை முதன்முதல் போட்டதும் மூத்திர நெடியும் அழுகல் நெடியும் வந்தால் எலி. ஒரு சுண்டெலி நுழைய ஆறு மில்லிமீட்டர் துளை போதும். டிரெய்லரின் அடிப்புறத்தில் குழாயும் கம்பியும் நுழையும் துளைகள் அதைவிடப் பெரியவை. இங்கே நாற்றத்தைவிட, அதைப் போக்கும் விதம் கேடு செய்யலாம். வட அமெரிக்க மான்சுண்டெலிகள் ஹாண்டா வைரஸைச் சுமப்பவை. காய்ந்த எச்சத்தைப் பெருக்கினாலோ வாக்குவம் போட்டாலோ தூசியாக எழும்பி நுரையீரலுக்குள் போகும். 2012-ல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 10 பேருக்கு அந்நோய் கண்டு 3 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கியவை, இரட்டைச் சுவருக்கு நடுவே எலிகள் கூடுகட்டியிருந்த கூடாரக் குடில்கள். பஞ்சு அடைத்த சுவரும் மூடிய அடிப்புறமும் கொண்ட டிரெய்லர் அதே அமைப்புத்தான். கதவு சன்னல்களைத் திறந்துவைத்து அரைமணி நேரம் காற்றாடவிட்டு, கையுறை மாட்டி, பிளீச் கரைசலை ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஈரமாகவே துடைத்தெடுக்க வேண்டும். மூத்திரம் ஊறிய பஞ்சை எந்த மருந்தும் மீட்காது. எடுத்தெறிந்துவிட்டு, துளைகளை எஃகுக் கம்பளி திணித்து அடைப்பதே முடிவான சிகிச்சை.

இதுவரை சொன்னவை எல்லாம் பழுதின் வாடைகள். எந்தப் பழுதும் இல்லாத, கடையிலிருந்து அன்று வாங்கிய டிரெய்லரின் 'புது வாசனை' பற்றித்தான் மிகுந்த தெளிவின்மை இருக்கிறது, அதன் வரலாறு மிகவும் வேதனையானது. 2005 ஆகஸ்டில் கட்ரினா புயல் வளைகுடாக் கரையைச் சிதைத்தபின், வீடிழந்தவர்களைக் குடியமர்த்த அமெரிக்க மத்திய அவசரகால மேலாண்மை முகமை லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் அனுப்பியது. வார இறுதி உல்லாசத்துக்கென்று செய்த டிராவல் டிரெய்லர்களில் லூசியானா, மிசிசிப்பி மக்கள் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். கண்ணெரிச்சல், மூக்கில் ரத்தம், தலைவலி, குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் என்று முறையிட்டார்கள். ஒட்டுப்பலகையிலும் துகள்பலகையிலும் இருக்கும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை வெளியிடும் வாயுவே காரணம் என்ற சந்தேகம் 2006-லேயே எழுந்தது. முகமை பரவலாகச் சோதிக்கத் தயங்கியதை 2007 ஜூலையில் நாடாளுமன்றக் குழு கடுமையாக விசாரித்தது. கடைசியில் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பர் இறுதிக்கும் 2008 ஜனவரிக்கும் இடையே 519 டிரெய்லர்களிலும் நகரும் வீடுகளிலும் காற்றை அளந்தது. சராசரி, நூறு கோடியில் 77 பங்கு. மிகக் கூடியது 590. அளந்தது குளிர்காலத்தில் என்பதை மறக்கக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் ஏறினால் இந்த வாயுவும் ஏறும். கோடைக்கு முன் மக்களை வெளியேற்றுங்கள் என்று மையம் சொன்னதன் பொருள் அதுதான்.

இந்த நிகழ்ச்சி என் வாதத்துக்கு இரண்டு விதத்தில் முக்கியம். முதலாவது, அங்கும் 'எப்போது' என்ற கேள்வியே உண்மையைக் காட்டியிருக்கும். சன்னல் மூடிய பகலில், வெயில் ஏறும்போது கண் எரிகிறதா, வெளியே போனால் தணிகிறதா என்பதே அந்த மக்களிடம் கேட்கவேண்டிய நேரக்குறிப்பு. அதைக் கேட்டுப் பதிவு செய்திருந்தால் அளவீட்டுக்கு இரண்டாண்டு காத்திருக்க நேர்ந்திராது. இரண்டாவது, இது மூக்கின் எல்லையையும் காட்டுகிறது. ஃபார்மால்டிஹைடு வாடையாகத் தெரியாத அளவிலும் பலரது கண்ணையும் தொண்டையையும் தாக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. நகரும் வீடுகளின் பலகைக்கு 1980-களிலிருந்தே வரம்பு இருந்தும், டிராவல் டிரெய்லர்கள் 'குடியிருப்பு அல்ல' என்ற காரணத்தால் அதற்கு வெளியே நின்றன. 2010-ல் நாடாளுமன்றம் கூட்டுப்பலகைகளுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் செய்தது. அதன் விதிகள் 2018-ல் நடைமுறைக்கு வந்தன. இன்றைய டிரெய்லர் அன்றையதைவிட மேலானது. அதற்காகப் புது வாசனையைப் புதுமையின் அடையாளமாகக் கொண்டாடத் தேவையில்லை. முதல் கோடையில் சன்னல்களைத் திறந்தே வைத்து, வெயிலில் பூட்டிவைக்காமல் பார்த்துக்கொள்வதே அறிவு.

மணமூட்டியும் ஓசோன் இயந்திரமும் இருக்கையில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்பது அடிக்கடி எழும் மறுப்பு. மணமூட்டி மூக்கை மட்டும் ஏமாற்றுகிறது, அதுவும் மெர்காப்டனைப்போல் உயிர்காக்கும் வாடையை மறைத்துவிடும் அபாயத்தோடு. ஓசோனைப் பற்றிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலை தெளிவானது. உடலுக்குத் தீங்கில்லாத அளவில் அது நாற்றத்தைப் போக்குவதில்லை, போக்கும் அளவில் அது நுரையீரலைத் தாக்கும். ஆளில்லாதபோது ஓட்டினால் என்ன என்பார்கள். புகைபிடித்தவர் விற்ற பழைய டிரெய்லரில், வாடையின் மூலம் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தால், அதற்கு ஓர் இடம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓசோன் இயற்கை ரப்பரை வெடிக்கவைப்பது. நாற்றத்தைத் தடுத்து நிற்கும் வளையங்களும் சவ்வுகளும் ரப்பர் என்பதை எண்ணினால் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த மனம் வராது.

இன்னொரு மறுப்பு வலுவானது. வால்வு, வளையம், தண்டு எல்லாம் மலிவு. ஆராய்ந்துகொண்டிராமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் போகாதா? கழிவு வாடைக்கு மட்டும் இது பாதி பலிக்கும். ஆனால் மழைக்கசிவையும் எலியையும் நழுவிய குழாயையும் அந்தப் பொருள்கள் தொடப்போவதில்லை. ஏசியையும் மின்சார ஹீட்டரையும் ஒன்றாக ஓட்டும்போது மட்டும் மீன் வாடை வருவதைக் கவனிக்காதவர், உருகிக்கொண்டிருக்கும் 30 ஆம்பியர் மின்இணைப்பை விட்டுவிட்டுக் குளிர்பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார். சூடேறிய மின்பிளாஸ்டிக் பல சமயம் மீனைப்போல நாறும். புரோபேனில் ஓடும் உறிஞ்சுவகைக் குளிர்பெட்டிக்குள் அமோனியா நெடி வந்தால் அதன் குளிர்குழாய் வெடித்தது என்று பொருள். அதைத் துடைத்துத் தீர்க்கவே முடியாது. நாற்றமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. அதற்கு மூக்கும் நேரக்குறிப்பும் உதவா, உணர்கருவி ஒன்றே துணை.

பழுதுபார்க்கும் பட்டறைகளில் இந்த முறை ஏன் இன்னும் வேரூன்றவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பட்டறைக்கு வரும் டிரெய்லர் காலித் தொட்டியோடு, விசிறி நின்று, குளிர்ந்த நிலையில், கதவுகள் திறந்தபடி நிற்கிறது. நாற்றம் எழ வேண்டிய ஒரு நிபந்தனையும் அங்கே இல்லை. தொழிலாளி ஒன்றும் தெரியவில்லை என்றே சொல்வார், அது பொய்யுமல்ல. வண்டியைக் கொண்டுபோகிறவர் நேரக்குறிப்பையும் கொண்டுபோக வேண்டும். தொட்டி எவ்வளவு நிரம்பியிருந்தது, விசிறி ஓடியதா, எந்தச் சன்னல் திறந்திருந்தது, வெந்நீரா தண்ணீரா, முந்தின நாள் மழையா, எத்தனை மணிநேரப் பயணத்துக்குப்பின் என்ற விவரங்கள் ஒரு தாளில் போதும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பட்டறைக்காரர் தொட்டியை முக்கால்பங்கு நிரப்பி, சன்னல்களை அடைத்து, விசிறியை முழுவேகத்தில் ஓடவிட்டு, பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வரட்டும். வடிவமைப்பாளர்களிடமும் கேட்கவேண்டிய ஒன்று உண்டு. ஒருவழி வால்வும் டிராப்பும் தொட்டிமேல் குழாய் சேரும் இணைப்பும் இன்று பல மாதிரிகளில் ஆணியடித்த பலகைக்குப் பின்னால் கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் கையளவு திறப்புக் கதவு வைக்கச் செலவு அதிகமாகாது. பலகையை உடைக்காமல் கைபோகும் இடத்தில் ரப்பர் இருந்தால், அது காய்ந்ததும் மாற்றப்படும்.